மாற்ற மறுத்த மணிக்கட்டு

செவ்வாய்க் கிரகத்தின் மூன்றாம் குடியிருப்பில் காலைக் காப்பிக்கு முன் எல்லோரும் பத்துத் தோட்டா சுட்டுப் பார்த்துவிடுவார்கள். சுரங்கத்தில் தறிகெட்டுப்போன எந்திரன்கள் மின்கலம் பறிக்க வீதிக்குள் நுழைவது அங்கே தெருநாய்த் தொல்லை மாதிரி. அதனால் ஆளுக்கொரு 'கைக்காவலன்', உள்ளங்கையில் அடங்கும் துப்பாக்கி. வீட்டுக்கு வீடு ஒரு மணல்பெட்டி, சுட்டுப் பார்க்க.

ஆவுடைத்தங்கத்தின் கைக்காவலன் அன்றும் நாலாவது தோட்டாவில் சிக்கிக்கொண்டது. வெற்று உறை வெளியே தெறிக்காமல் பாதியில் நின்று பல்லிளித்தது.

"உன் மணிக்கட்டு தொளதொளன்னு இருக்கு தங்கம்," என்றான் கணவன் சுடலைமணி. "எஃகு மணிக்கட்டு வச்ச பொறவு எனக்கு ஒரு தடவை சிக்கியிருக்கா?"

"சிக்கல. மூணு டம்ளரும் ரெண்டு கதவுப் பிடியும்தான் போச்சு."

சுடலைமணியை மட்டும் குறை சொல்ல முடியாது. 'சிக்கினால் காரணம்: சுடுபவரின் தளர்ந்த மணிக்கட்டு' என்று துப்பாக்கியின் கையேடே சொன்னது. அதே நிறுவனம்தான் எஃகு மணிக்கட்டையும் விற்றது. ஊரே மாற்றிக்கொண்டுவிட்டது. வெள்ளிக்கிழமைத் தேர்வில் பத்தும் சிக்காமல் சுடாவிட்டால் ஆவுடைத்தங்கத்துக்கும் கட்டாய அறுவைச் சிகிச்சை.

அவள் நீரேற்று நிலையத்து மெக்கானிக். குழாயில் கை வைத்தால் எந்த பம்ப் எப்போது படுக்கும் என்று சொல்லிவிடுவாள். எஃகுக்கு அந்த அதிர்வு எங்கே தெரியும்?

அன்று மாலையே துப்பாக்கியைப் பிரித்துப் போட்டாள். குற்றவாளி சுண்டுவிரல் நீளச் சுருள்வில். அளவுக்கு மீறிய விறைப்பு. சுட்டதும் மேல்மூடி முழுதாகப் பின்வாங்க அது விடவில்லை. உறை எப்படி வெளியேறும்? பம்ப் வால்வில் இருந்த மெல்லிய வில் ஒன்றை அளவாக நறுக்கிப் பொருத்தினாள்.

வெள்ளிக்கிழமை ஊர் திரண்டிருந்தது. சோதனை அதிகாரி இஞ்ஞாசிமுத்து அறுவைப் படிவத்தை முன்கூட்டியே நிரப்பி வைத்திருந்தார்.

"எதுக்கும்மா வீம்பு? வலிக்காது. கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க."

"சுட்டுட்டுப் பேசுவோம் சார்."

பத்துத் தோட்டா. பத்து உறைகளும் சலங்கை போலத் தரையில் உருண்டன. இஞ்ஞாசிமுத்து தானே படிவத்தைக் கிழித்தார்.

"கோளாறு கையில இல்ல, இதுல!" என்று பழைய வில்லை உயர்த்திக் காட்டினாள் ஆவுடைத்தங்கம். "கொண்டாங்க, எல்லாருக்கும் சும்மாவே மாத்தித் தாரேன்."

ஒருவரும் வில்லைப் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் அவள் மணிக்கட்டில் இருந்தது.

"பாத்தியளா, சதைக் கை!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

திங்கட்கிழமையே நிறுவனத்தின் வாசலில் புதுப் பலகை: 'அறிமுகம், சதை மணிக்கட்டு! எஃகைக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம்.' கையேட்டிலும் ஒரு வரி மாறியிருந்தது: 'சிக்கினால் காரணம்: சுடுபவரின் விறைத்த மணிக்கட்டு.' வரிசை வீதி முனை வரை நீண்டது. அதில் முதல் ஆள் சுடலைமணி. இலவச வில்லுக்கு ஓர் ஆள் வரவில்லை. சும்மா கிடைப்பது எப்படி நல்ல சரக்காக இருக்கும்?

மத்தியானம் நிறுவனத்து ஆள் ஒருவனைக் கூட்டிக்கொண்டு சுடலைமணி நீரேற்று நிலையத்துக்கே வந்துவிட்டான்.

"தங்கம், கையக் கொஞ்சம் நீட்டு. புது மணிக்கட்டுக்கு அச்சு எடுக்கணுமாம்."

அவள் விரல்களை இறுக மடக்கிக்கொண்டாள்.

"வில்லக் கேளு, தாரேன். கை என்னோடது."