கீழ்த்தொட்டி

கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் மறுபடியும் சிவந்தது.

ரோஹிணி அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஐந்து நாளில் மூன்று தடவை, உப்புக் கலந்து வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றியிருக்கிறாள். வடிகட்டும் பஞ்சை அலசிப் போட்டிருக்கிறாள். மீனுக்குப் போடும் தீனியைப் பாதியாகக் குறைத்திருக்கிறாள். நியாயமாகப் பார்த்தால் மஞ்சளுக்கு இறங்கியிருக்க வேண்டும். ஆனால் நைட்ரேட், சோதனை அட்டையின் கடைசிச் சிவப்பையும் தாண்டி நின்றது.

"அம்மா, நைட்ரேட்ட மட்டும் பாத்துக்கோ. ஏறித்துன்னா பவளமெல்லாம் செத்துடும்."

போன வருஷம் ஆடியில், டெங்குக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்த சாய் கிருஷ்ணா கடைசியாகச் சொன்னது அதுதான். இருபத்துமூன்று வயசு, ஒரே பிள்ளை. கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் அவன் வளர்த்த கடல் இப்போது அவள் பொறுப்பு: மேலே பவளமும் இரண்டு ஆரஞ்சு மீன்களும், அடியில் அலமாரிக்குள் தண்ணீர் வடிந்து சுத்தமாகிற இன்னொரு தொட்டி. சம்ப் என்பான் அவன். அவளுக்குக் கீழ்த்தொட்டி.

"எள்ளு எங்கடி?" மஹாதேவன் மயில்கண் வேஷ்டியோடு வந்து நின்றார். இன்று மஹாளயம். கங்கைக் கரையில் பிள்ளைக்கும் சேர்த்து எள்ளும் தண்ணீரும் இறைக்கப் போகிறார்.

"ஸ்வாமி ரூம்ல. கண்ணத் தொறந்து பாருங்கோ."

"மீனுக்கு மாத்தற தண்ணில ஒரு டம்ளர் எனக்குக் காபியா வந்தா தேவலை" என்றார். சிரிக்கத்தான் சொன்னார்; இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை. செருப்புச் சத்தம் மூன்று மாடி இறங்கி, லேக் மார்க்கெட் பக்கம் போகிற ஆட்டோக்களின் இரைச்சலில் கரைந்தது.

அவள் மீன் கடைத் தபனைக் கூப்பிட்டாள்.

"உள்ள ஏதோ செத்துக் கிடக்கு மாஷிமா" என்றான் அவன், வங்காளியில்; அவளைச் சித்தி என்றுதான் கூப்பிடுவான். "அத எடுக்காம எத்தனை வாளி மாத்தினாலும் இறங்காது."

அவள் கீழ்த்தொட்டியின் அலமாரிக் கதவைப் பார்த்தாள். "எரிஞ்ச எலும்பு விழுந்திருந்தா ஏறுமா?"

"எரிஞ்சதுல என்ன இருக்கு, வெறும் சுண்ணாம்பு. நைட்ரேட் வரணும்னா சதை அழுகணும். இல்ல, உயிரோட ஏதோ ஒண்ணு உள்ள தின்னுக்கிட்டு, கழிஞ்சுக்கிட்டு இருக்கணும்." பிறகு, "என்ன எலும்பு, மாஷிமா?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

போன வருஷம், பிள்ளையின் அஸ்திக் கலசத்தை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாதென்று மஹாதேவன் அதைப் படிக்கட்டின் அடியில் வைத்துவிட்டு, கார் வந்ததா என்று பார்க்கத் தெருவுக்குப் போனார். அந்த இரண்டு நிமிஷத்தில் அவள் இறங்கி வந்து, சிவப்புத் துணியை அவிழ்த்து, சுண்டுவிரல் நீளத்தில் எலும்பு ஒன்றை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். கங்கையில் போட்டாலும் கடலுக்குத்தானே போகப் போகிறது? கடல் வீட்டிலேயே இருக்கிறதே. கீழ்த்தொட்டியின் கற்களுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத இருட்டில் விட்டாள். இன்றுவரை அவருக்குத் தெரியாது.

மேலே பவளங்கள் பழுப்பேறி, ஓரங்களில் சதை விலகி வெள்ளையாகத் தெரிந்தன. அவன் விரல்நகமளவு துண்டாக வாங்கி வந்து வளர்த்தவை. உள்ளே கிடப்பது எதுவானாலும் எடுத்துவிட வேண்டியதுதான். அவனுக்குக் கொடுத்த வாக்கு அது ஒன்றுதான்.

பம்ப்பை நிறுத்தினாள். ஒரு வருஷத்துக்கு மேலாக இரவும் பகலும் ஓடிய அந்த முனகல் நின்றதும் வீடு காது அடைத்தாற்போல் ஆயிற்று. சம்மணமிட்டு உட்கார்ந்து அலமாரிக் கதவைத் திறந்தாள். அழுகல் நாற்றம் இல்லை. உப்பு வாடை, ஈரப் பாசி வாடை, அதற்கும் அடியில், விளையாடிவிட்டு ஓடி வந்து மடியில் தலையைப் புதைக்கிற பிள்ளையின் வியர்த்த உச்சந்தலை வாசனை.

கையை விட்டாள். முழங்கை வரை.

வழுவழுப்பான கல். அதன் பின்னால் இன்னொரு கல். எலும்பு வைத்த இடம்.

எலும்பு இல்லை.

மெத்தென்றிருந்தது. தண்ணீரைவிடச் சூடாக இருந்தது.

கையை இழுக்கப் போனாள். அதற்குள் அது அவள் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டது. ஐந்து விரல். பட்டாணி பட்டாணியாக முனைகள். பிறந்த அன்று லேபர் வார்டில் பிடித்த அதே பிடி.

"சாயி?"

பிடி இறுகியது.

மேலே மீன்கள் தண்ணீரின் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. காற்று போதவில்லை. பம்ப் சுவிட்ச் எதிர்ச் சுவரில். எழுந்தால் எட்டும். எழ வேண்டுமென்றால் விட வேண்டும்.

அவள் எழவில்லை.

மணி எட்டாயிற்று. பத்தாயிற்று. ஒரு மீன் பக்கவாட்டில் சாய்ந்தது.

வாசல் மணி அடித்தது. "ரோஹிணி, கதவத் தொற. ஆச்சு, எல்லாம் நல்லபடியா ஆச்சு. கொழந்த போய்ச் சேந்துட்டான்."

இருட்டில், விரல்நுனியில், பல் முளைக்காத ஈறு ஒன்று தடவித் தேடிக் கவ்வியது. உறிஞ்சியது. வலித்தது. தோல் கிழிந்தது. நிறுத்தாமல் உறிஞ்சியது.

மணி மறுபடி அடித்தது. ரோஹிணி தரையில் ஒருக்களித்துப் படுத்து, அது குடிக்க வாகாக, கையை இன்னும் கொஞ்சம் உள்ளே நீட்டிக் கொடுத்தாள்.