இதமியைக் கழற்றிய பிறகு

மருதாசலத்தின் வீட்டில் ஒரு கடுஞ்சொல் யார் காதிலும் விழுந்து பல மாதங்கள் ஆகிவிட்டன. அவர் காதில் ஒரு இதமி இருந்தது. பதினோராம் வகுப்பு படிக்கும் அவர் மகள் இதழினியின் காதில் ஒன்று. சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த நஸ்ரினின் காதிலும் ஒன்று.

நஸ்ரின் சமூகப்பணி மூன்றாமாண்டு மாணவி. கரூரில் ஒரு குடும்ப நல மையத்தில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தாள். மையத்தில் பதிந்த குடும்பங்களின் வீடுகளுக்குப் போய், அவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டுக் குறிப்பெழுதுவதும் ஒலிப்பதிவு செய்து மையத்தில் கொடுப்பதும் அவள் வேலை.

இதமி மொச்சைக்கொட்டை அளவுதான். எதிரில் இருப்பவர் பேசுவதை வாங்கி, புண்படுத்தக்கூடியதையும் பதறவைக்கக்கூடியதையும் வடித்துவிட்டு, மிச்சத்தை இதமாக மாற்றி அவர் குரலிலேயே காதுக்குள் சொல்லும். அசல் பேச்சு வெளியிலேயே நின்றுவிடும். ஓயாமல் சண்டை போடும் குடும்பங்களுக்காகத்தான் முதலில் செய்தார்கள். பிறகு ஊரே வாங்கி மாட்டிக்கொண்டது.

"அடுத்த வாரத்துல இருந்து கோயமுத்தூர்ல அத்தை வீட்டுல தங்கிப் படிக்கறியா, கண்ணு? உனக்கு அங்க நல்லா இருக்கும்" என்றார் மருதாசலம்.

"பழகக் கொஞ்ச நாளாகும்ப்பா. பரவாயில்ல" என்றாள் இதழினி.

சப்பாத்தியை அவள் சாப்பிடவில்லை. பிய்த்துப் பிய்த்துத் தட்டில் குவித்துக்கொண்டிருந்தாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. நஸ்ரினின் கண் அதையெல்லாம் பார்த்தது. ஆனால் காதுக்கு எல்லாம் சுமுகமாக இருந்தது. அவள் காதை நம்பினாள். 'அப்பாவும் பெண்ணும் அனுசரணையாக இருக்கிறார்கள்' என்று குறிப்பெழுதி, ஒலிப்பதிவோடு மையத்தில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை மையத்துக்குள் நுழைந்ததும் தில்லைக்கரசி மேடம் எதிரே வந்தார். பயிற்சி மாணவர்களுக்கு அவர்தான் பொறுப்பு.

"முடிஞ்சா இதழினி வீட்டுப் பக்கம் ஒருதரம் போயிட்டு வாம்மா."

"திங்கக்கிழமை போறேன் மேடம்" என்று சிரித்தாள் நஸ்ரின். மேடத்தின் முகம் சிவந்திருந்தது. வெயிலில் வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

மத்தியானம் மருதாசலம் கூப்பிட்டார். பேருந்துக்குக் கூடு கட்டும் பட்டறையில் வேலை அவருக்கு. கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்தே பேசினாள் நஸ்ரின்.

"அம்மணி, பாப்பா பள்ளிக்கூடத்துக்கு வரலைன்னு டீச்சர் சொன்னாங்க. வீட்டுலயும் இல்லீங்க."

நிதானமான குரல். "ஃபிரெண்டு வீட்டுக்குப் போயிருப்பா சார். வந்துடுவா" என்றாள்.

பின்னாலிருந்து ஒரு கை வந்து அவள் காதிலிருந்த இதமியைப் பிடுங்கியது. அடுத்த கணம் அறை முழுவதும் ஓர் ஆண் விம்மி விம்மி அழும் சத்தம் கேட்டது. "பாப்பாவக் காணோமுங்க… எம் புள்ளையக் காணோமுங்க…"

நஸ்ரின் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"கேக்குதா இப்ப?" தில்லைக்கரசி மேடத்தின் குரல் இவ்வளவு கரகரப்பானது என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. "காலையில போயிட்டு வாம்மான்னா சொன்னேன்? அந்தப் புள்ள வீட்டை விட்டுப் போகப்போறா, ஓடுடீன்னு கத்தினேன். நீ திங்கக்கிழமைங்கற! அந்த மனுசனுக்கும் ஃபோன் போட்டுச் சொன்னேன். ரொம்ப நன்றிங்கன்னு வெச்சுட்டார்."

"உங்களுக்கு எப்படி மேடம்…"

"காதுல புண்ணு. நாலு நாளா மாட்டல. நேத்து நீ கொண்டுவந்த பதிவை அப்படியே கேட்டேன்." சட்டென்று அவர் குரல் தாழ்ந்தது. "நான் கழட்டிட்டேன். நீங்கல்லாம் இன்னும் மாட்டியிருக்கீங்கங்கறதை மறந்தே போயிட்டேன்டி."

மருதாசலம் ஆட்டோவில் வந்து இறங்கினார். அவர் இதமியையும் கழற்றச் சொல்லி, பதிவைப் போட்டார் மேடம். மகள் அந்தச் சாப்பாட்டு மேசையில் சொன்னதை அவர் முதல் முறையாகக் கேட்டார்.

"அம்மாதான் செத்துப் போச்சு. நீ உசுரோட இருந்துக்கிட்டே என்னைத் தள்ளிவிடற. அனுப்பினீன்னா அம்மாயி ஊருக்கே போயிடுவேன், திரும்பி உன் மூஞ்சியில முழிக்கமாட்டேன்!"

அதற்கு அவர் 'நல்ல புள்ள' என்று கொஞ்சியதும் பதிவில் இருந்தது. மருதாசலம் வாசலை நோக்கித் திரும்பினார். "வேடசந்தூருங்க… அதுதான் அவ அம்மாயி ஊரு, எம் மாமியார் ஊருங்க."

மருதாசலமும் நஸ்ரினும் பேருந்து நிலையத்துக்கு ஓடியபோது, வேடசந்தூர் வழியாகப் போகும் திண்டுக்கல் வண்டி கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. சன்னலோர இருக்கையில் பள்ளிப்பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் இதழினி; காலையிலிருந்து தயங்கித் தயங்கி இப்போதுதான் ஏறியிருப்பாள் போல. மருதாசலம் படியேறியதும் கத்த ஆரம்பித்தார்.

"எருமை! அறிவிருக்கா உனக்கு? ஊரெல்லாம் தேடி நாயா அலையறேன், நீ பாட்டுக்குப் பஸ்ஸேறி உக்காந்திருக்க?"

இதழினி விழித்தாள். அவள் காதில் "வா கண்ணு, வீட்டுக்குப் போகலாம்" என்றுதான் கேட்டிருக்கும். ஆனால் அப்பாவின் சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது, உதடு துடித்தது, கன்னமெல்லாம் கண்ணீர். அந்த முகத்துக்கும் காதில் விழுந்த குரலுக்கும் கொஞ்சமும் பொருத்தமில்லை. அவள் மெல்லக் கையை உயர்த்தி இதமியைக் கழற்றினாள்.

"…உனக்கு ஏதாவது ஆயிருந்தா நான் இருப்பனாடி? சொல்லு, இருப்பனா?"

"அப்புறம் எதுக்கு என்னைத் தள்ளிவிடற?" அவளும் எழுந்து நின்று கத்தினாள்.

"ராத்திரி ஷிப்ட்டுடி எனக்கு! நீ தனியாப் படுத்திருக்கன்னு நெனச்சா பட்டறையில கை ஓட மாட்டேங்குது. பயம்டி, பயம்!"

"பயம்னா பயம்னு சொல்லு! எனக்கும்தான் பயம். அங்க போனா நீ என்னை மறந்துடுவியோன்னு பயம்!"

"மறக்கறதுக்கு நீ என்ன குடையாடி?"

இதழினிக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அதற்காகவும் கோபம் வந்து பையால் அவர் தோளில் அடித்தாள். அவர் அந்தப் பையோடு சேர்த்து அவளை அணைத்துக்கொண்டார்.

வண்டியில் இருந்தவர்கள் எல்லாரும் இதமி மாட்டியிருந்தார்கள். முன் இருக்கைப் பெண்மணி நஸ்ரினைப் பார்த்து, "அப்பனும் புள்ளையும் எவ்வளவு பதவிசாப் பேசிக்கறாங்க பாருங்க" என்று மெச்சிக்கொண்டாள்.

இரவு வேலையை மாற்றிக்கொண்டார் மருதாசலம். இதழினி கரூரிலேயே படித்தாள். இருவரும் வாரம் ஒருமுறை மையத்துக்கு வந்து, இதமியில்லாமல் ஓர் அறையில் உட்கார்ந்து சண்டை போட்டுவிட்டு, வெளியே கரும்புச்சாறு குடித்துவிட்டுப் போனார்கள். விஷயம் பரவி மற்ற குடும்பங்களும் அந்த அறையைக் கேட்டு வரத் தொடங்கின. கத்துவதற்கு இடம் ஒதுக்கித் தருவதே மையத்தின் முக்கிய வேலையாகிவிட்டது.

ஆனால் வந்தவர்களில் பாதிப் பேருக்குச் சண்டை போடவே தெரியவில்லை. அவர்களுக்கு அதைச் சொல்லித்தரும் பொறுப்பு நஸ்ரின் தலையில் விழுந்தது.

பயிற்சி முடியும் வாரத்தில் ஓர் இளம் தம்பதி வந்தார்கள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இதமியோடு வாழ்ந்தவர்கள். கழற்றி வைத்துவிட்டு எதிரெதிரே உட்கார்ந்து, கூச்சத்தோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எப்படிங்க ஆரம்பிக்கறது?" என்று நஸ்ரினைக் கேட்டான் கணவன்.

"அவங்க செய்யறதுல உங்களுக்குப் பிடிக்காதது ஒண்ணு இருக்குமில்ல? சின்னதாவே இருக்கட்டும். சொல்லுங்க."

 அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "சாம்பார்ல பெருங்காயம் ஜாஸ்தி. வாயில வைக்க முடியல."

மனைவி திகைத்துப் போனாள். "அய்யோ! கல்யாணமான நாள்லருந்து போட்டுட்டிருக்கேன். ஒரு நாளாவது சொல்லக் கூடாதா?"

"தினமும் சொல்றேனே."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சாம்பார் வாசம் தெருவரைக்கும் வருதுன்னு நீங்க சொன்னதாத்தான் எனக்குக் கேட்டுது" என்றாள் மெதுவாக. "சந்தோசத்துல தினமும் ஒரு சிட்டிகை கூடப் போட்டேன்."