எட்டுப் பாதங்களுக்கு வெண்ணெய்

லாக்கி மக்கின்னிஸ் நாலு வருஷம் கழித்து ஊருக்குள் நுழைந்தபோது ஊர் அவனைக் கவனிக்கவில்லை. கவனிக்க அங்கே ஆளும் அதிகமில்லை. கனடாவின் கிழக்குக் கோடியில், கேப் பிரெட்டன் தீவின் வடக்குக் கரையில், மலைக்கும் கடலுக்கும் நடுவே கொஞ்சம் இடம் மிச்சமிருக்கிறதே என்று கட்டிய ஊர். பிழைப்பு தேடி மேற்கே போனவர்கள் போக, கல்லறைக்குப் போனவர்கள் போக, மீதியிருப்பவர்களை பெர்னடெட்டின் கடைவாசலில் நிறுத்தி ஒரே போட்டோவில் அடக்கிவிடலாம்.

லாக்கியும் மேற்கே போனவன்தான். மீன் ஆலையை மூடியதும் அல்பர்ட்டாவின் எண்ணெய் வயலுக்குப் போனான். அங்கே அவன் சேர்த்தது சொல்லிக்கொள்ளும்படி இல்லை. விட்டது இடது காலில் இரண்டு விரல். ஒரு ஜனவரியில் லாரி படுத்துவிட, பனியில் நடந்தே முகாமுக்குத் திரும்பியதன் பலன். மீதி விரல்கள் இருக்கின்றன, பேருக்கு. இரண்டு உள்ளங்காலிலும் உணர்ச்சி கிடையாது. ஆணியை மிதித்தால்கூட, பக்கத்தில் இருப்பவர் ரத்தத்தைப் பார்த்துச் சொன்னால்தான் தெரியும். "கால் மட்டும்தான் இப்படி மரத்துப்போச்சு" என்று டாக்டரிடம் சொல்லியிருந்தான். மற்ற இடங்களைப் பற்றி டாக்டர் கேட்கவில்லை.

"வந்துட்டியாடா பணக்காரா!" என்றாள் பெர்னடெட், கல்லாவுக்குப் பின்னாலிருந்து. பள்ளியில் அவனோடு ஒரே வகுப்பு. "வாடகைக் கார் என்ன, புது பூட்ஸ் என்ன! பூனைக்குக் கூடை கொண்டாந்தியா?"

"ரெண்டு."

"சீக்கிரம் தூக்கிட்டுப் போயிடு. சனிக்கிழமை எஃபியோட பசங்க வர்றானுங்க, வீட்டை வித்துக் கையெழுத்துப் போட. வாங்குறவன் ஹாலிஃபாக்ஸ்காரன். உள்ள பூனை இருந்தா ஊசி போட்டுத் தீர்த்துடுவேன்னு போன்லயே சொல்லிட்டான். அதான் உன்னைக் கூப்பிட்டேன். இல்லேன்னா உன் பவுசுக்கு நீ எங்க வரப்போறே?"

நாலு வருஷம் முன்பு அவன் பூனைகளை விட்டுப்போனது எஃபி கிழவியிடம்தான். மார்ச் மாதம் எஃபியின் அடக்கத்துக்கே அவன் வரவில்லை.

"இத்தனை மாசமா அதுங்களுக்கு யாரு சோறு போட்டது?" என்று கேட்டான்.

"வேற யாரு, ஹெக்டர்தான்."

ஜன்னலோர பெஞ்சில் தேநீரை ஊதிக்கொண்டிருந்த ஹெக்டர் நிமிர்ந்தார். "நானா? நீதானே தாயே போடறே?"

"நான் ஏன் போடறேன்? உன் வண்டிதானே அந்தப் பக்கம் போகுது?"

"அந்தப் பக்கம் போகுதுன்னா? அங்க நிக்குதுன்னு அர்த்தமா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த ஊரில் எல்லா நல்ல காரியமும் பக்கத்து வீட்டுக்காரர் செய்திருப்பார் என்ற நம்பிக்கையில்தான் நடக்கிறது. நடக்காமலும் போகிறது. இப்போது நவம்பர்.

"எலி புடிச்சிருக்கும்" என்றார் ஹெக்டர்.

"நேத்து ஜன்னல்ல பாத்தேன்யா. ரெண்டும் கொழுகொழுன்னு, மேலெல்லாம் மினுமினுன்னு..." பெர்னடெட் பாதியில் நிறுத்திவிட்டாள். பிறகு ஒரு டின் சூரை மீனை எடுத்து அவன் பக்கம் தள்ளினாள். "காசு வேணாம். போடா."

காரில் ஏறும்போது கைப்பேசி அடித்தது. அல்பர்ட்டாவிலிருந்து மேஸ்திரி ரஸ்ஸல்.

"திங்கட்கிழமை நீ இங்க இல்லேன்னா வேற ஆளைப் போட்டுக்குவேன், லாக்கி. பூனைக்கு லீவு கேட்ட மொத ஆளு நீதான்யா. நாளைக்கு எவனாவது மீன் தொட்டிக்குக் கேப்பான்."

"வந்துடறேன் ரஸ்ஸல். இப்போ தனியா அறை எடுத்திருக்கேன். பூனை வெச்சுக்கலாமாம்."

"பூனைங்களுக்குக் கல்யாணமும் பண்ணி வெச்சுடு" என்று சிரித்துவிட்டு ரஸ்ஸல் வைத்தான்.

*

லாக்கியின் மனைவி விட்டுவிட்டுப் போனவற்றில் உயிருள்ளவை அந்த இரண்டும்தான். வெள்ளைக் கழுத்துப் பட்டையோடு கரேலென்று இருந்ததால் பிஷப். சாம்பல் நிறம், பாதிக் காது டோரா. முகாமில் பூனைக்கு இடமில்லை. அவன் கிளம்புவதற்கு முன் இரண்டையும் தூக்கிக்கொண்டு எஃபியின் சமையலறைக்குத்தான் போனான்.

எஃபி கிழவிதான், ஆனால் குரல் மட்டும் மீன் ஆலைச் சங்கு. முப்பது வருஷம் அங்கே மீன் அறுத்தவள். வலது ஆள்காட்டி விரலில் பாதியை அங்கேயே விட்டுவிட்டு வந்தவள். அன்றைக்கு அவள் பூனைகளை மடியில் போட்டுக்கொண்டு, வெண்ணெய்த் தட்டை இழுத்து, எட்டுப் பாதங்களிலும் வழிய வழியத் தடவினாள். புது வீட்டுக்குப் பூனை வந்தால் அந்த ஊரில் செய்வதுதான்.

"நக்கி முடிக்கிறதுக்குள்ள பழைய வீடு மறந்துரும் கண்ணு. இனிமே இதுதான் வீடு. எங்கேயும் போகாது."

"என்னையும் மறந்துருமா?"

"பின்னே? நீ மட்டும் ஞாபகம் வெச்சுக்கப்போறியாக்கும்" என்றாள். பிறகு அடுப்பைச் சுற்றி ஓடும் கம்பியைப் பார்த்தாள். அதில் பச்சைக் கரை போட்ட கம்பளிக் காலுறைகள் இரண்டு ஜோடி காய்ந்தன. அவளே பின்னியது. மேற்கே போன இரண்டு மகன்களும் எடுத்துக்கொள்ளாமல் போனது. "பூனைக்கெல்லாம் பாத்துப் பாத்துத் தடவறேன். பெத்ததுங்களுக்குத் தடவணும்னு தோணலை பாரு. அங்கதான் தப்புப் பண்ணிட்டேன்."

அவன் சிரித்தான். அடுத்த கிறிஸ்துமஸுக்கு வந்து கூட்டிப்போவதாகச் சொன்னான். கிளம்பும்போது இரண்டும் குனிந்து பாதம் நக்கிக்கொண்டிருந்தன. நிமிர்ந்து பார்க்கவில்லை. அதுவே நல்லது என்று காரை எடுத்தான்.

முதலில் வாராவாரம் போன் செய்தான். "உன் வண்டி வர்ற நேரமாச்சுன்னா ரெண்டும் ஜன்னல்ல ஏறி உக்காந்துக்குது. வெண்ணெய் பத்தலை போலிருக்கு" என்று எஃபி சொன்ன நாளிலிருந்து அவன் போன் செய்வதைக் குறைத்தான். பிறகு விட்டே விட்டான்.

*

எஃபியின் வீட்டுக்கு இரண்டு வாசல். முன்வாசல் பாதிரியாருக்கும் சவப்பெட்டிக்கும். மற்ற எல்லோருக்கும் சமையலறைக் கதவு. மார்ச்சில் எஃபி முன்வாசல் வழியாகப் போனாள்.

லாக்கி சமையலறைக் கதவைத் தள்ளினான். பூட்டியிருக்கவில்லை.

மத்தியானம் மூன்றுதான் ஆகியிருந்தது, ஆனால் நவம்பர் வெளிச்சம் அதற்குள் மூட்டை கட்டத் தொடங்கியிருந்தது. கடலிலிருந்து பொடிப்பனி கிளம்பி ஜன்னலில் மணல்போல் உரசியது. எட்டு மாதம் மூடிக் கிடந்த வீட்டில் பூஞ்சையும் எலிப் புழுக்கையும் அல்லவா நாற வேண்டும்? இங்கே தேநீர் வாசனை அடித்தது. அதற்கு அடியில், லேசாக, உருகிய வெண்ணெய்.

மின்சாரத்தை ஏப்ரலிலேயே துண்டித்தாயிற்று. குளிர்பெட்டி வாயைப் பிளந்து காலியாக நின்றது.

மேஜைமேல் வெண்ணெய்த் தட்டு இருந்தது. நிறைய. மேலே கத்தி படாமல், பளிங்குபோல்.

அவன் அதைப் பார்க்காததுபோல் பார்த்தான். பெர்னடெட் வைத்திருப்பாள். அல்லது ஹெக்டர்.

விறகடுப்பின்மேல் உள்ளங்கையை வைத்தான். சுடவில்லை.

குளிரவும் இல்லை.

"பிஷப்! டோரா!"

இரண்டும் ஆடும் நாற்காலிக்கு இருபுறமும் உட்கார்ந்திருந்தன. அவ்வளவு நேரமும் அங்கேயேதான் இருந்திருக்க வேண்டும். கொழுகொழுவென்று, மயிர் மினுங்க, வயசு போனதே தெரியாமல். அவனை ஒருமுறை பார்த்துவிட்டு, வரி கட்டச் சொல்லி வந்த ஆளைப் பார்த்ததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டன.

"கோவமா இருப்பீங்க. நியாயம்தான்" என்றான் லாக்கி. டின்னைத் திறந்து கூடைகளுக்குள் மீனை வைத்தான். பூனைகள் அசையவில்லை. துரத்திப் பிடிக்க அவனுக்குக் கால் சரியில்லை, மனசும் சரியில்லை. சரி, தானாக வரட்டும். அடுப்பை மூட்டினான். ஈரமான பூட்ஸைக் கழற்றிக் காலுறைகளைக் கம்பியில் போட்டான். கம்பி காலியாக இருந்தது. அடுப்பை ஒட்டிய திவானில் கொஞ்சம் சாய்ந்தான். கண்ணை மூடுவதாக உத்தேசமில்லை. திவானுக்கு அது தெரியவில்லை.

*

சத்தம்தான் எழுப்பியது.

சரக். சரக். சரக்.

ஈரமும் சொரசொரப்புமாக, சீராக.

வெளியே இருட்டியிருந்தது. அடுப்பின் விரிசல் வழியாகச் சிவப்பு வெளிச்சம் தரையில் ஒரு கோடு போட்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் தன் காலடியில் இரண்டு முதுகுகள் குனிந்திருப்பதைப் பார்த்தான். ஒன்று கறுப்பு, ஒன்று சாம்பல்.

அவன் காலை நக்கிக்கொண்டிருந்தன.

அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. யாருடைய காலையோ யாருடைய பூனையோ நக்குவதைப் பார்ப்பதுபோல்தான் இருந்தது. "வந்துட்டீங்களா?" என்றான். எக்கி டோராவின் பாதிக் காதைத் தொட்டான். நாலு வருஷத்தில் முதல்முறை.

பிறகுதான் பாதம் பளபளப்பதைக் கவனித்தான்.

உள்ளங்கால் முழுக்க மஞ்சளாக. விரல் இடுக்குகளில் திட்டுத்திட்டாக. இடது காலில் விரல் இல்லாத அந்த இடத்தில்கூட, பார்த்துப் பார்த்து.

மெல்லத் தலையைத் திருப்பி மேஜையைப் பார்த்தான்.

வெண்ணெயில் விரலால் வழித்த தடங்கள். மூன்று நீளம்.

ஒன்று குட்டை.

ஆடும் நாற்காலி கிறீச்சிட்டது. முன்னே. பின்னே.

போனது முன்வாசல் வழியாக. திரும்பி வரத்தான் சமையலறைக் கதவு இருக்கிறதே என்று அவனுக்குத் தோன்றியது. பயப்பட வேண்டிய நேரம் என்று தெரிந்தது. பயம் எங்கோ தூரத்தில், அடுத்த வீட்டில் அழும் குழந்தைபோல் கேட்டது.

"எஃபி" என்றான். "எனக்கு திங்கட்கிழமை வேலை இருக்கு, எஃபி."

இருட்டு பதில் சொல்லாது என்றுதான் நினைத்தான்.

"சும்மா இரு ராசா." பக்கத்திலிருந்து, காற்றைவிடக் கொஞ்சம் கனமாக. "நக்கி முடிக்கட்டும்."

பூனைகள் நிமிரவில்லை. தினமும் கேட்கிற குரல்தானே.

அப்போது வலது குதிகாலில் என்னவோ குத்தியது. ஊசி முனைபோல். பிறகு பாதத்தின் நடுவில். பிறகு விரல்களில். பிஷப்பின் நாக்கு. உப்புத்தாள்போல் சொரசொரத்து, சூடாக, ஈரமாக. அவனால் அதை உணர முடிந்தது.

அழுதான் என்று சொல்ல முடியாது. முகம் நனைந்திருந்தது, அவ்வளவுதான்.

*

எப்படி வெளியே வந்தான் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கூடைகளைத் திறந்ததும் இரண்டும் தாமாக ஏறிக்கொண்டன, ஊருக்குப் போகிற மாமியார்போல். வெறுங்காலை அப்படியே பூட்ஸுக்குள் திணித்தான். கால்கள் வழுக்கிக்கொண்டு உள்ளே போயின. கூடைகளைப் பின்சீட்டில் வைத்து, காரைக் கிளப்பி, பாதைமுனை வரை ஓட்டிக்கொண்டு போனான்.

அங்கே நிறுத்தினான்.

இடது பக்கம் திரும்பினால் நெடுஞ்சாலை, விமான நிலையம். அது தெரிந்தது. அதற்கப்புறம்? ஏதோ ஒரு அறை. பூனை வைத்துக்கொள்ளலாம் என்று யாரோ சொன்ன அறை. அதற்கு ஜன்னல் உண்டா? என்ன தெரு? மறந்துபோன மாதிரிகூட இல்லை. மறந்திருந்தால் உதட்டு நுனியிலாவது நிற்கும். பல் விழுந்த இடத்தில் நாக்கை வைத்துத் துழாவுவதுபோல் இருந்தது. வழுவழுவென்று ஒன்றுமில்லை.

கைப்பேசி அடித்தது. திரையில் ரஸ்ஸல் என்று இருந்தது.

"என்னப்பா, பூனை கெடைச்சுதா?"

"கெடைச்சுது."

"நல்லது. திங்கட்கிழமை மறந்துடாதே."

லாக்கி திரையில் இருந்த பெயரை மறுபடியும் படித்தான். பனி கண்ணாடியில் விழுந்து உருகியது. "தப்பா எடுத்துக்காதீங்க" என்றான் மரியாதையாக. "நீங்க யாரு பேசறது?"

மறுமுனையில் ஒரு சிரிப்பு கேட்டது. பிறகு சிரிப்பு நின்றது. "குடிச்சிருக்கியா? லாக்கி? டேய் லாக்கி!"

அந்த ஆளை நினைத்தால் பாவமாக இருந்தது. யாரையோ தேடுகிறான். லாக்கி மெதுவாக இணைப்பைத் துண்டித்தான்.

பின்சீட்டில் மீனை நக்கும் சத்தம் நின்றிருந்தது. இரண்டும் கூடைக் கம்பி வழியாக அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. முகத்தைத் திருப்பவில்லை. பிஷப்பின் தொண்டையில் அந்தப் பழைய உறுமல், நாலு வருஷம் தூசி படிந்த மோட்டார்போல் இருமி இருமி ஓடத் தொடங்கியது.

பின்புறம் காட்டும் கண்ணாடியில் வீடு தெரிந்தது. மின்சாரம் இல்லாத வீட்டின் சமையலறை ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம். ஜன்னல் விளிம்பில் காத்திருக்க யாருமில்லை. காத்திருக்கத் தேவையுமில்லை. வண்டி வரும் நேரம் ஆகிவிட்டது.

அவன் பின்னோக்கி ஓட்டினான்.

கதவருகே பூட்ஸைக் கழற்றி வைத்தான், வீட்டு ஆள் செய்வதுபோல் ஜோடியாக, ஓரமாக. கூடைகளைத் திறந்துவிட்டான். பலகைத் தரையின் குளிர் உள்ளங்காலில் ஏறியது. ஒவ்வொரு பலகையும், ஒவ்வொரு ஆணியும் தெரிந்தது. அடுப்பில் யாரோ விறகு போட்டிருந்தார்கள். கெட்டிலில் தண்ணீர் சலசலத்தது. மேஜையில் இரண்டு கோப்பை.

வெண்ணெய்த் தட்டு மறுபடியும் நிறைந்திருந்தது. தடம் எதுவும் இல்லாமல், பளிங்குபோல்.

தன் காலுறை காய்ந்துவிட்டதா என்று பார்க்க அடுப்புக் கம்பியில் கை வைத்தான். காய்ந்திருந்தது. அதை ஓரமாக நகர்த்தி இடம் பண்ணியிருந்தார்கள்.

பக்கத்தில், பச்சைக் கரை போட்டு, கதகதப்பாக, இன்னும் இரண்டு ஜோடி.

பசங்க வரும் சனிக்கிழமைக்கு முன்னால் இன்னும் ஒரு வெள்ளிக்கிழமைதான் இருந்தது.