மார்பளவு வெள்ளத்தில் ஒரு சூளுரை

மேல்வானத்தில் கதிரவன் இறங்கி முடிப்பதற்குள் கீழ்வானத்தில் ஐப்பசித் திங்களின் முழுமதி அவசரப்பட்டு எழுந்துவிட்டபடியால், வெள்ளாற்றின் நீர்ப்பரப்பு ஒருபுறம் குங்குமச் செம்மையும் மறுபுறம் வெள்ளி ஒளியுமாக, இரண்டு வேளைகளையும் ஒன்றாகச் சுமந்துகொண்டு ஓடியது. தென்கரையிலே மருதங்குறிச்சிக் கோட்டையின் கருங்கல் மதில்கள் நாற்பது நாள் முற்றுகையின் வடுக்களோடு நின்றன. வடகரையிலே பேரரசின் பாசறைக் கூடாரங்கள் கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்க, அவற்றின் இடையே ஒவ்வொன்றாகத் தீவர்த்திகள் ஏற்றப்பட்டன.

இத்தனை எழிலையும் கண்ணெடுத்துப் பாராமல், தென்கரைத் துறையருகே ஒரு சிறு கூடாரத்துக்குள், கைகளை முழங்காலுக்கடியில் வைத்து அழுத்தியபடி ஓர் உருவம் உட்கார்ந்திருந்தது. உலகம் அந்த உருவத்தை இளவரையர் கண்டன் என்று அழைத்தது. வாசகர்களே, உங்களிடம் ஒளிப்பானேன்? அவள் பெயர் பூதி.

உண்மையான கண்டன் மூன்று வயதில் அம்மை கண்டு இறந்துபோனான். அவனோடு இரட்டையாகப் பிறந்த பெண்குழந்தையை அன்றிரவே அவன் தொட்டிலில் கிடத்தினார் தந்தை மழவரையர். ஆண் வழி இருக்கும்வரை கோட்டை குலத்துக்கு, அது அற்றுப்போனால் பேரரசுக்கு என்பது பழைய உடன்படிக்கை. பேரரசு வந்தால் ஆண்கள் ஊரைவிட்டுத் துரத்தப்படுவார்கள். பெண்கள் தலைநகரத்து வேளத்துக்குப் போவார்கள். போரில் பிடிபட்ட பெண்களைப் பூட்டிவைத்து அரண்மனை வேலைக்கும் இன்பத்துக்கும் பயன்படுத்தும் அந்த வீதியிலிருந்து எவளும் திரும்பி வந்ததாக யாரும் கேட்டதில்லை.

ஆகவே பூதி ஆண்பிள்ளையாக வளர்க்கப்பட்டாள். வளர்ப்பு என்றால் பெரும்பாலும் அடிதான். சிரிக்கும்போது வாயைப் பொத்தினாள் என்று ஒருநாள் அவள் கன்னத்தில் அறை விழுந்தது. அதே நாளில், அதே கூடத்தில், வாயைப் பொத்தாமல் சிரித்தாள் என்று அவள் அத்தை மகளுக்கும் அறை விழுந்தது. இரண்டு சிறுமிகளும் கன்னத்தைத் தடவிக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதைப் பூதி இன்றுவரை மறக்கவில்லை. ஆண்பிள்ளைக்கு அச்சம் ஆகாது என்று சட்டம் வகுத்த மகானுபாவன் எவனோ, அவன் ஒருநாளும் போர்முனையை எட்டிப் பார்த்திருக்கமாட்டான். பூதி பார்த்திருந்தாள். திறைப் பூசலில் எழுந்த இந்த முற்றுகையின் பன்னிரண்டாம் நாள் தந்தை அம்பு பட்டு வீழ்ந்தபிறகு, யானைகள் மோதும் கோட்டை வாயிலில் இருபத்தெட்டு நாள் நின்று, ஒவ்வொரு விடியலிலும் அஞ்சினாள்.

ஆனால் இன்றைய அச்சத்துக்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமில்லை. மழைக்கு முன் சமாதானம் செய்துகொள்ள எதிரியின் படைத்தலைவரான தண்டநாயகரே இசைந்துவிட்டார். அதை உறுதிசெய்வதற்கு வெள்ளாற்று நாட்டில் நீர்ச்சூள் என்று ஒரு வழக்கம் உண்டு. இரு தரப்புத் தலைவர்களும் கவசமும் மேலாடையும் களைந்து, வெற்றுடம்போடு மார்பளவு நீரில் இறங்கி, ஒரே வாளைப் பிடித்துச் சூளுரைக்க வேண்டும். நீரில் குருதி கலந்தால் சூள் செல்லாது. பொய்ப் பெயரில் உரைத்தாலும் செல்லாது. சூளுரைக்காமல் எவர் முதலில் கரையேறுகிறாரோ அவர் தோற்றவர்.

"கண்டா, எழுந்திரு. நேரமாகிறது" என்றார் வயிரமேகர். அவர் பூதியின் தாய்மாமன், கோட்டையின் அமைச்சர், இரகசியத்தை அறிந்தவர்களில் உயிரோடு எஞ்சியிருந்த ஒரே மனிதர். அவள் மார்பைச் சுற்றி அகலமான துணிக்கட்டு ஒன்றைத் தம் கையாலேயே இறுக்கிக் கட்டி, அதன்மேல் சிவப்புக் கறையும் பூசியிருந்தார். "காயக் கட்டைப் பார்த்தால் மேலாடையைக் களை என்று எவரும் சொல்லமாட்டார்கள்."

"மாமா, எனக்குப் பயமாக இருக்கிறது."

"இளவரையர்கள் அப்படிப் பேசுவதில்லை" என்றார் வயிரமேகர். சொன்னவருடைய உதடுகள் வெளுத்திருந்தன.

சாமர்த்தியசாலிகள் பெரிய தவறுகளைத்தான் செய்வார்கள். மேலாடைக்குச் சமாதானம் தேடிய அமைச்சர் குருதி விதியைக் கோட்டைவிட்டுவிட்டார். பூதி துறைப்படிக்கு வந்ததுமே, அக்கரையிலிருந்தே காயக் கட்டைக் கண்டுவிட்ட பேரரசின் படை மருத்துவர் ஒருவர் தோணியில் இக்கரைக்கு வந்து அவளை வழிமறித்தார்.

"அரையர் பொறுத்தருள வேண்டும். புண் ஆறாதிருந்தால் குருதி நீரில் கலக்கும். கட்டை அவிழ்த்துப் பார்த்த பிறகே தாங்கள் இறங்கலாம் என்பது தண்டநாயகர் கட்டளை."

மருத்துவரின் விரல்கள் முடிச்சை நோக்கி நீண்டன. மதில்மேல் அகல் விளக்குகளோடு நின்ற பெண்களின் முகங்களைப் பூதி பார்த்தாள். அந்த விரல்கள் இன்னும் ஒரு சாண் நகர்ந்தால் அத்தனை பேரும் வேளத்துக்குத்தான்.

"காய்ந்து ஒட்டிய கட்டை உலர்ந்த கையால் பிடுங்குவதுதான் உங்கள் பாசறை வைத்தியமோ?" என்று பெருங்குரலில் சிரித்தாள். அடிபட்டுக் கற்ற சிரிப்பு சமயத்துக்கு உதவியது. "நனைந்து இளகட்டும். நீரிலே நானே அவிழ்த்துக்கொள்கிறேன். குருதி கசிந்தால் உங்கள் தண்டநாயகரே பார்த்துக்கொள்ளட்டும்."

மருத்துவர் நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அவள் படியிறங்கினாள்.

எதிர்க்கரையிலிருந்து இறங்கிய தண்டநாயகர் உதாரவிடங்கர் முப்பது வயதுகூட நிரம்பாதவர். பூதியின் தந்தை வீழ்ந்த அன்று போரை நிறுத்தித் தனியே நடந்து வந்து, தம் பட்டு மேலாடையால் மழவரையரின் உடலைப் போர்த்திவிட்டுப் பேசாமல் திரும்பிப் போன பகைவர் அவர். அன்று முதல் அந்த முகம் நினைவுக்கு வரும்போதெல்லாம் பூதி தன்மேலேயே கோபம் கொண்டாள். இப்போது அவர் ஆற்றின் நடுத்திட்டில் மார்பளவு நீரில் நின்று வாளை நீட்டினார். அவள் கைப்பிடியைப் பற்றினாள். இருவர் கைகளுக்கும் நடுவில் வாள் நடுங்கியது.

"தாங்கள் முதலில் உரையுங்கள், அரையரே" என்று தொடங்கியவர் சட்டென்று நிறுத்தினார். பூதியைச் சுற்றி நீர் சிவந்துகொண்டிருந்தது. "குருதி. சூள் செல்லாது. மருத்துவரை அழைக்கிறேன்."

"அழைக்காதீர்கள்." அவள் கையை நீட்டித் தடுத்தாள். "முகர்ந்து பாருங்கள்."

அவர் புரியாமல் நீரை ஒரு கை அள்ளி முகர்ந்தார். "மஞ்சள் மணக்கிறது."

"மஞ்சளும் சுண்ணாம்பும். ஆரத்தி நீர். போருக்குப் போய்த் திரும்பும் ஆண்களுக்குப் பெண்கள் சுற்றுவதுதான்." பூதி கட்டின்மேல் ஒரு கையை வைத்தாள். "எனக்குக் காயம் இல்லை. இந்தக் கட்டு மறைப்பது காயத்தையும் அல்ல, தண்டநாயகரே. கண்டன் மூன்று வயதிலேயே இறந்துவிட்டான். நான் அவனுடன் பிறந்தவள்."

உதாரவிடங்கரின் முகத்தில் நிலவொளி விழுந்திருந்தது. அதிலே சினம் வந்தது. பிறகு வியப்பு. பிறகு, பூதி சற்றும் எதிர்பாராத ஒன்று வந்தது. அது நாணம்.

"நாற்பது நாள்" என்று முணுமுணுத்தார். "என் யானைகளைத் திருப்பியது..."

"முதல் பன்னிரண்டு நாள் என் தந்தை. பிறகு நான். கரையேறிப் போய்ச் சொல்லுங்கள். ஆனால் முதலில் கரையேறுபவர் தோற்றவர் என்பதும் உங்களுக்குத் தெரியும்."

நீரோட்டம் வலுத்தது. மேற்கே எங்கோ பெய்த மழை ஆற்றில் வந்து சேர்ந்துகொண்டிருந்தது. மார்பளவு நீர் தோளை எட்டியது. வாளைப் பற்றியிருந்த உதாரவிடங்கரின் விரல்கள் வெளுத்திருப்பதைப் பூதி அப்போதுதான் கவனித்தாள்.

"தாங்கள் நடுங்குவது சினத்தால்தானா?"

அவர் தம் கரையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "எனக்கு நீந்தத் தெரியாது" என்றார் கடைசியில். "சிறுவயதில் ஒரு மடுவில் அமிழ்ந்து பிழைத்தேன். இடுப்பளவுக்கு மேல் நீரைக் கண்டால் மூச்சு நின்றுவிடும். என் படையில் எவருக்கும் இது தெரியாது. தெரிந்தால் அதற்குப் பின் என் சொல்லை எவன் கேட்பான்?"

பூதிக்கு அழுகை வந்தது. பதினேழு ஆண்டுகளாக யாருக்கும் தெரியாமல் விழுங்கிய அழுகை அது. இந்த மனிதனையும் யாரோ அறைந்துதான் வளர்த்திருக்கிறார்கள் என்று நினைத்தாள்.

"கேளுங்கள்" என்று அவர் தாழ்ந்த குரலில் சொன்னார். "நான் எவரிடமும் சொல்லமாட்டேன். கண்டன் என்றே சூளுரையுங்கள். இருவரும் கரையேறிவிடலாம்."

எவ்வளவு எளிய வழி. தலையசைத்தால் போதும். அச்சம் அவளைத் தலையசைக்கச் சொல்லி மன்றாடியது.

"பொய்ப் பெயரில் உரைத்த சூள் செல்லாது" என்றாள் பூதி. "இன்று நீங்கள் மறைப்பீர்கள். நாளை வேறொருவர் கண்டுபிடிப்பார். ஊர் முழுவதையும் என் கச்சையின் முடிச்சிலே தொங்கவிட்டு நான் சாகும்வரை காவலிருக்க முடியாது. எனக்கு மிகவும் பயமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லத்தான் போகிறேன்."

அவள் தலையை நிமிர்த்தினாள். அடித்துப் பழக்கிய ஆண்குரலை விட்டுவிட்டு, தன் சொந்தக் குரலில், இரு கரைகளுக்கும் கேட்கும்படி உரைத்தாள்:

"மழவரையர் மகள் பூதி நான். தந்தைக்குப் பின் மருதங்குறிச்சி வாயிலைக் காத்தவள் நான். பேரரசோடு இனிப் போரில்லை என்று இந்த நீரின்மேல் சூளுரைக்கிறேன்."

வடகரையில் ஒரு முணுமுணுப்பு, அதன்பின் ஒரு சிரிப்பொலி. வில்லை வளைக்கும் நாணோசைகூடக் கேட்டது. தென்கரையில் வயிரமேகர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பூதி கண்களை மூடிக்கொண்டாள். வாளின் மறுபக்கத்துப் பிடி தளரப்போகிறது, அவர் கரையை நோக்கித் திரும்பப்போகிறார் என்று காத்திருந்தாள்.

பிடி தளரவில்லை. கழுத்தளவு நீரில், மூச்சுத் திணறத் திணற, உதாரவிடங்கரின் குரல் எழுந்தது.

"வீரர்களே, இந்த ஆற்றைக் கண்டு எனக்கு அச்சம். இப்போதும் என் கால்கள் நடுங்குகின்றன. இந்த வாயிலையும் இருபத்தெட்டு நாள் நடுங்கிக்கொண்டேதான் மோதினேன். உடைக்க முடியவில்லை. காத்தவர் பூதி நங்கையார். கோட்டை அவருடையது; அதன்மேல் இனிப் போரில்லை என்று நானும் சூளுரைக்கிறேன். பேரரசர் இதற்கு என் தலையைக் கேட்டால் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். உங்களில் சிரித்தவன் எவனாயினும் இறங்கி வந்து என் இடத்தில் நிற்கட்டும். அதுவரை நான் கரையேறமாட்டேன்."

எவரும் இறங்கவில்லை.