கோரைமேட்டு யவன விளக்கு

கோரைமேட்டில் குடியிருக்க வேண்டுமானால் உங்கள் மூதாதையர் ஒரு சட்டியாவது வனைந்திருக்க வேண்டும். கடல் பாதி ஊரை விழுங்கிய பிறகு, மிச்ச மேட்டில் யார் இருப்பது என்று தீர்க்க அரசு கண்டுபிடித்த கூத்து இது. அகழாய்வுக் குழியில் கிடைத்த மண்பாண்டத் துண்டை வம்சமானி என்ற கருவியின் தட்டில் வைப்பார்கள். ஈரமண்ணில் பதிந்து சூளையில் இறுகிப்போன விரலழுத்தத்தை அது படிக்கும். பக்கத்துக் கண்ணாடியில் நீங்கள் கட்டைவிரலை வைக்க வேண்டும். ஒரே வம்சமென்றால் பச்சை எரியும், வீடு உங்களுக்கு.

மீன் விற்கும் ஜெயசீலிக்கு எந்தத் துண்டை வைத்தும் பச்சை எரியவில்லை. ஆட்களை வெளியேற்றும் வண்டி வாசலில் உறுமிக்கொண்டு நின்றது.

“அந்த ஓரத்துல கெடக்கறத வெச்சிப் பாருங்க மேடம். அது மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சி?”

மேலே திராட்சைக்கொடி அச்சிட்ட ரோமானியப் பாணி விளக்கின் துண்டு அது. அகழாய்வு இயக்குநர் கோதைநாயகி வேண்டாவெறுப்பாக எடுத்து வைத்தார்.

பச்சை எரிந்தது. ஜெயசீலி அழுதேவிட்டாள்.

“இது நம்ம ஊர்ல செஞ்சதா மேடம், வெளிய இருந்து வந்ததா?” என்று கேட்டார் குடியமர்வு அதிகாரி தணிகாசலம்.

கோதைநாயகிக்குத் தெரியும். உடைந்த ஓரத்தில் கோரைமேட்டுச் செம்மண் பல்லை இளித்தது. ரோமானிய விளக்கைப் பார்த்து உள்ளூர்க்காரன் எவனோ செய்த நகல். ஆனால் இங்கே யவனர் வாழ்ந்தார்கள் என்று அவர் உலகத்தை நம்பவைத்ததே இந்த விளக்கைக் காட்டித்தான். இயக்குநர் நாற்காலியும் அதனால் வந்ததுதான்.

“ரோமானியர் செஞ்சது,” என்றார்.

“அப்போ இந்தம்மா வெளிநாட்டு வம்சம். வண்டில ஏத்துங்க.”

“அநியாயமா இருக்குதே! யார் வெச்சாலும் எரியும் போல இந்த மெசினு. எங்க, உன் வெரல வை பாப்பம்!” என்று ஜெயசீலி இயக்குநர் பக்கம் திரும்பினாள்.

இந்தச் சட்டத்துக்கே யோசனை சொன்னவர் என்பதால் அவரை அதுவரை யாரும் சோதித்ததில்லை. கோதைநாயகி அலட்சியமாகச் சிரித்தபடி விரலை வைத்தார்.

பச்சை.

“இது... இது உள்ளூர் மண் சார். நல்லாப் பாருங்க, செம்மண்! நம்ம ஆளுங்க செஞ்சது!”

“இப்பதானே ரோமானியர்னு சொன்னீங்க? முடிவு பதிவுல ஏறிடுச்சு மேடம். மாத்தணும்னா இயக்குநர் கையெழுத்து வேணும்.”

“நான்தானே இயக்குநர்! குடுங்க, போடறேன்!”

தணிகாசலம் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார். “வெளிநாட்டுக்காரங்க கையெழுத்து செல்லாதுங்களே.”

வண்டியில் ஜெயசீலி கூடையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கோதைநாயகிக்கு இடம் விட்டாள்.

“உக்காரு. மீன் நாத்தம் அடிக்கும். நம்ம வம்சத்து நாத்தம்தான், பொறுத்துக்க.”