சிவப்புக் கணவன், மஞ்சள் மனைவி

"எல்லாம் ரிஜெக்ட்!"

நாற்பது டி-ஷர்ட்டுகளை மேசையில் போட்டாள் வேல்விழி. வெளியே வேலம்பாளையத்து மழை... உள்ளே அவள் கண்களில் இடி!

கம்ப்யூட்டரிலிருந்து நிமிர்ந்தான் ரித்தீஷ். அவன் அந்த பனியன் கம்பெனி முதலாளி மாரப்பனின் மகன். பிரிண்டுக்குப் படம் அமைப்பவன். அவளோ சங்கரன்கோவிலிலிருந்து வந்து ஒரு மாதமே ஆன, துணியில் குறை பார்க்கும் செக்கிங் பெண்.

"ஏனுங்க, என்ன தப்புங்க?"

"ஆம்பளை செவப்பா இருக்கான், பொம்பளை மஞ்சளா இருக்கா. கலரு மாறிப்போச்சுல்லா சார்!"

அவன் சிரித்துவிட்டான். அசல் படத்தைத் திரையில் பெரிதாக்கினான். எகிப்தில் ஒரு கல்லறைச் சுவர். சுண்ணாம்புக் கல்லில் செதுக்கி வண்ணம் தீட்டிய கணவனும் மனைவியும்.

"அங்க அப்படித்தானுங்க தீட்டுவாங்க. நாலாயிரம் வருஷம் ஆச்சுங்க..."

மனைவியின் கை கணவனின் தோளில் இருந்தது. நகம்கூடத் தெரிந்தது.

"நாலாயிரம் வருஷமா கைய எடுக்கலியா அவ?"

கேட்டபின்தான் வெட்கம் வந்தது. ஓடியே போனாள்.

அப்புறம் தினமும் அவளுக்கு ஒரு சந்தேகம்! அந்தப் படத்துப் பெண் ஏன் தாமரையை மோந்து பார்க்கிறாள்? கண்ணுக்கு ஏன் அத்தனை மை? அவனும் புதுப்புதுச் சுவர்களைத் தேடி வைத்துக் காத்திருந்தான்...

ஒருநாள் சிரிப்புச் சத்தம் கேட்டு மாரப்பன் உள்ளே வந்தார்.

"யாரு கண்ணு இந்தப் புள்ள?"

ரித்தீஷ் எழுந்தான். சொல்லப்போகிறான்... அவள் அவன் முகத்தையே பார்த்தாள்.

"செக்கிங்ல ஒரு லேபருங்கப்பா. டவுட்டு கேக்க வந்துச்சு."

ஒரு லேபர்... அன்று முழுக்க அவளால் ஒரு துணியைக்கூடச் சரியாகப் பார்க்க முடியவில்லை. அந்த வாரமே அவனுக்கு வெள்ளகோவிலில் பெண் பேசினார்கள். அவள் கணக்கு முடித்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பினாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு நனைந்தபடி ஓடிவந்தான் ரித்தீஷ்.

"போவாதீங்க! எனக்கு உங்களத்தானுங்க புடிச்சிருக்கு... அப்பாகிட்டச் சொல்லிப்போடறேன்."

"எப்ப?"

"இந்த நிச்சயம் முடியட்டுமுங்க... அப்புறம் மெதுவா..."

பஸ்ஸின் ஜன்னலோரத்திலிருந்து அவனையே பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"எனக்கும் உங்களப் புடிக்கும். மொத நாளே புடிச்சுப்போச்சு. இப்பமும் புடிக்கத்தான் செய்யுது... அதான் போறேன்."

பஸ் உறுமியது. அவன் படியில் கால் வைத்தான். ஏறிவிடுவான் என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவள் நம்பினாள்.

அவன் சட்டைப்பையில் செல்போன் அடித்தது.

கால் தரைக்கு இறங்கியது.

"சொல்லுங்கப்பா..."