கடைசிக் கால் லிட்டர்

கடல் ஏறிவந்துவிட்ட திருவாரூர்க் கடற்கரையில் ஒரே ஒரு விளக்குத் திரியைக் கொளுத்த, தமயந்திக்கு நெருப்பு அனுமதி கிடைப்பதற்குள் பதினோரு நாள் ஆகிவிட்டது. திரியின் நீளம், எரியும் நேரம், கிளம்பும் புகையின் எடை எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்த பிறகுதான் காற்றுத்துறை கையெழுத்துப் போட்டது. எண்ணெயெல்லாம் தீர்ந்து, புகைக்கும் தடை வந்துவிட்ட அந்தக் காலத்தில் நெருப்பு அவ்வளவு அபூர்வம். கோயிலில்கூடக் கற்பூரம் வெறும் ஒளியுருவாகத்தான் எரிந்தது.

தமயந்தி அங்கே புதிதாகக் கட்டிய புதைபடிவ எரிபொருள் காட்சியகத்தின் காப்பாளர். நிலக்கரிக்கும் எரிவாயுவுக்கும் படங்கள் மட்டும்தான் உண்டு. அசலாக இருந்தது ஒன்றே ஒன்று: கண்ணாடிக் குப்பியில் கால் லிட்டர் கச்சா எண்ணெய். கைவிடப்பட்ட குழாய்களைச் சுரண்டிச் சுரண்டி அதைச் சேர்க்க அவளுக்கு ஒன்பது வருஷம் பிடித்தது. நாட்டில் வேறெங்கும் ஒரு சொட்டுகூட மிச்சமில்லை.

பத்துக் கோடி வருஷங்களுக்கு முன் கடலில் மிதந்த நுண்ணுயிர்கள் செத்து அடியில் படிந்து, சேற்றில் புதைந்து, பூமியின் சூட்டிலும் அழுத்தத்திலும் மெல்ல மெல்ல எண்ணெயாயின. இந்தக் கதையைப் பள்ளிப் பிள்ளைகள் நம்புவதே இல்லை. "செத்த பூச்சிய ஊத்தியா வண்டி ஓட்டினாங்க?" என்று சிரிப்பார்கள். வண்டி மட்டுமில்லை, தார்ச்சாலையும் பிளாஸ்டிக் குடமும்கூட அதிலிருந்துதான் வந்தன என்றால் இன்னும் சிரிப்பார்கள். ஒரு தரம் குப்பியைத் திறந்து முகரவைத்தால் போதும், நம்பிவிடுவார்கள் என்று தமயந்தி ஆசை ஆசையாய்க் காத்திருந்தாள். செவ்வாய்க்கிழமை முதல் வகுப்பு வருவதாக இருந்தது.

திங்கட்கிழமை திறப்பு விழா. அமைச்சர் வந்துவிட்டார். குத்துவிளக்கு பளபளவென்று நின்றது. திரிதான் பற்றவில்லை. எப்படிப் பற்றும்? விளக்கில் ஊற்றியிருந்தது சமையல் எண்ணெய்; அது எரியாதபடி தீயடக்கி கலக்க வேண்டும் என்பது ஐம்பது வருஷத்துச் சட்டம். விழாக் குழுவில் ஒருத்தருக்கும் அது ஞாபகம் வரவில்லை, தமயந்திக்கும்தான்.

அமைச்சரின் செயலர் வைத்தியலிங்கம் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடிக் குப்பியைப் பார்த்தார்.

"அது எரியுமாம்மா?"

"எரியும் சார். ஆனா தொடக் கூடாது. அது உண்டாகப் பத்துக் கோடி வருஷம் ஆச்சு."

"பத்தரைக்கு எமகண்டம். ஆறு நிமிஷந்தான் இருக்கு."

"மின்விளக்கையே ஏத்திடலாமே சார்?"

"எரிபொருள் காட்சியகத்துக்கு டூப்பு விளக்கா? ஊரே சிரிக்கும். கொஞ்சூண்டு ஊத்துங்க, போதும்."

முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அமைச்சர் மின்பொறிக் கருவியைக் கையில் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தமயந்தி பழைய எண்ணெயைத் துடைத்தெடுத்துவிட்டுத் தன் கையாலேயே குப்பியைத் திறந்தாள். கொஞ்சம்தான் ஊற்றினாள். விளக்கின் கிண்ணம் அகலம். எண்ணெய் திரியை எட்டவில்லை. "இன்னும் கொஞ்சம்" என்றார் செயலர். இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். நான்காவது தடவை குப்பி காலியாகிவிட்டது.

திரியோடு நிற்கவில்லை தீ. கிண்ணம் முழுக்க ஒரே வீச்சில் பற்றிக்கொண்டது. புகைப்படக்காரர்கள் முண்டியடித்தார்கள். கைதட்டல் அடங்கியதும் அமைச்சர் பேசினார்: "நம் முன்னோர் யோசிக்காமல் எரித்துத் தீர்த்த செல்வத்தை நாம் இங்கே பாதுகாக்கப்போகிறோம்." அவர் பேசி முடிப்பதற்குள் எண்ணெய் எரிந்து தீர்ந்து, கிண்ணத்தில் கரி மட்டும் ஒட்டியிருந்தது. தமயந்தி காலிக் குப்பியை இறுக மூடினாள்.

மறுநாள் ஏழாம் வகுப்பு வந்தது. காலிக் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பாடம் நடத்தினாள். முன்வரிசையில் இருந்த நிலோபர் கையைத் தூக்கினாள்.

"இவ்வளவு கஷ்டப்பட்டு உண்டானத, அந்தக் காலத்து ஆளுங்க ஏன் மிஸ் எரிச்சாங்க?"

பேராசை, அறியாமை என்று பாடக்குறிப்பில் தெளிவாக எழுதியிருந்தது. தமயந்தி குறிப்பை மூடி வைத்தாள்.

"அவங்களுக்கு நேரமாயிடுச்சும்மா, அதான்" என்றாள்.